புளி, பூந்திக்கொட்டை, சாம்பல்: எது எதற்கு?

கைப்பேசியைத் திறந்தால் போதும், வீடு சுத்தம் செய்யும் வீடியோ ஒன்று வந்து நிற்கிறது. சிங்க்கில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா, அதன் தலையில் அரை டம்ளர் வினிகர். புஸ்ஸென்று பொங்குகிறது. "பாருங்க ஃப்ரெண்ட்ஸ், அழுக்கெல்லாம் எப்படி வெளிய வருதுன்னு!" பின்னணியில் இசை வேறு.

பொங்கி வருவது அழுக்கு இல்லைங்க. கார்பன் டை ஆக்சைடு, கோலி சோடாவில் இருக்கிற அதே வாயு. ஆப்பசோடா காரம், வினிகர் அமிலம். சேர்த்து ஊற்றினால் ஒன்றின் வீரியத்தை இன்னொன்று முறித்துவிட்டு, சோடியம் அசிட்டேட் என்கிற உப்பு கரைந்த தண்ணீராக அடங்கிவிடும். தனித்தனியாக விட்டிருந்தால் ஆளுக்கொரு வேலை பார்த்திருக்கும் இரண்டு சாமான்களை இப்படி வேடிக்கை காட்டிச் சாக்கடைக்கு அனுப்புகிறார்கள். கீழே ஐம்பதாயிரம் லைக்.

எங்கள் வீட்டில் கலர் கலரான பாட்டில்கள் குறைந்து பல வருடம் ஆகிறது. அதனால் இயற்கைப் பொருட்களுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் "இயற்கை" என்று சொன்னவுடன் மூளையைக் கழற்றி வைத்துவிடுகிற பழக்கம்தான் எனக்கு ஒத்துவருவதில்லை. பள்ளியில் படித்த அமிலம், காரம் பாடத்தைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நம் வீட்டில் துடைப்பத்துக்கும் ஈரத்துணிக்கும் மசியாத அழுக்கு பெரும்பாலும் மூன்று வகை: அடுப்படியின் எண்ணெய்ப் பிசுக்கு, குழாயடியின் உப்புக்கறை, பித்தளை செம்பில் ஏறும் களிம்பு. பிசுக்குக்குக் காரம் வேண்டும், அல்லது நுரைக்கிற ஏதாவது. மற்ற இரண்டுக்கும் அமிலம். மாற்றிப் போட்டால் கைதான் வலிக்கும்.

உப்புக்கறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் சென்னைப் புறநகரில் போர் தண்ணீரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அதுதான் தினசரிச் சண்டை. குழாயின் வாயில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரவென்று ஆகும். ஷவரில் பாதித் துளை அடைத்து, தண்ணீர் ஒரு பக்கமாகச் சுவரைப் பார்த்துப் பாயும். இது அழுக்கே இல்லை, கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல். சோப்பு எவ்வளவு போட்டாலும் அசையாது. சொல்லப்போனால் சோப்பு அந்தக் கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுவென்று இன்னொரு படலத்தை அதன்மேல் பூசிவிட்டுப் போகும்.

இதற்கு நான் வைத்திருப்பது லெமன் சால்ட். மளிகைக் கடையில் சின்னப் பாக்கெட்டில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம். பெயரில்தான் எலுமிச்சை. ஆலையில் சர்க்கரைப் பாகில் ஒரு கரும்பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள், நூறு வருடத்துக்கும் மேலாக இதே முறைதான். அரை லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து, பழைய துணியை நனைத்துக் குழாய் வாயைச் சுற்றிக் கட்டிவிட்டுப் படுத்துவிட வேண்டியது. காலையில் துணியை அவிழ்த்துப் பழைய டூத்பிரஷ்ஷால் இரண்டு இழுப்பு இழுத்தால் பொருக்கு மாவாக உதிரும். பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடியைக் குழாயில் செருகி ரப்பர் பேண்ட் போட்டாலும் வேலை ஆகும், என்ன, இரண்டு மூன்று ராத்திரி பிடிக்கும். புளியை இங்கே கொண்டுவராதீர்கள். புளியின் அமிலம் கால்சியத்தோடு சேர்ந்தால் எளிதில் கரையாத இன்னொரு உப்பாகிவிடும். கறையை அகற்றப்போய்க் கறைக்குச் சட்டை தைத்துப் போட்ட கதை.

ஒரு எச்சரிக்கை. அமிலம் சுண்ணாம்பைத் தின்னும் என்றால், சுண்ணாம்பால் ஆன எல்லாவற்றையும் தின்னும். மார்பிள் தரை, மொசைக் தரை, பழைய வீட்டு அடுப்படி மேடையில் இருக்கும் கருப்புக் கடப்பாக் கல் எல்லாம் அந்த இனம். கடப்பா மேடையில் எலுமிச்சம்பழம் நறுக்கிய இடத்தில் வெளிறிய திட்டு விழுந்திருக்குமே, அது கறை இல்லை, கல்லின் மினுக்கு அரித்துப்போன தழும்பு. தேய்த்தால் போகாது. இந்தத் தரைகளுக்கு வினிகர் போட்டுத் துடைக்கச் சொல்லும் வீடியோவை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். கிரானைட்டும் டைல்ஸும் பொதுவாகத் தாங்கும், இடுக்கில் இருக்கும் சிமெண்ட்தான் தாங்காது.

வினிகர் பற்றி இன்னொரு வார்த்தை. நம் ஊர்க் கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் சிந்தெடிக் என்று போட்டிருக்கும். ஆலையில் செய்த அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தது. வேலை நன்றாகவே செய்யும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளைக்காரர் வீட்டில் திராட்சையும் ஆப்பிளும் புளித்து வந்த பழக்கத்தை இங்கே கொண்டுவந்து, ஆலை அமிலத்தை வாங்கி ஊற்றிவிட்டு "நான் இயற்கைக்கு மாறிவிட்டேன்" என்று சொல்லிக்கொள்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

சரி, புளிக்கு வருவோம். அதன் ராஜ்ஜியம் பித்தளையும் செம்பும். வியாழன் சாயங்காலம் விளக்குத் தேய்க்கிற வீடு எங்களுடையது. குத்துவிளக்கைக் கையில் எடுத்தவுடன் புளியைப் போடுபவர்கள்தான் அதிகம், அதனால்தான் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள். விளக்கில் இருப்பது இரண்டு அழுக்கு. மேலே எண்ணெய், அடியில் களிம்பு. திரி எரிந்த குழியில் எண்ணெய் கருத்துக் கெட்டிப்பட்டு, விரலால் தொட்டால் ஒட்டும். அதன்மேல் புளி வழுக்கிக்கொண்டு ஓடுமே தவிர உள்ளே இறங்காது. முதலில் செய்தித்தாளைக் கிழித்து அந்த எண்ணெயை வழித்து எடுங்கள். பிறகு சீயக்காய்த்தூளை வெந்நீரில் குழைத்துப் பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். இப்போதுதான் புளியின் முறை. நல்ல புளி வேண்டாம். ரசத்துக்குக் கரைத்துப் பிழிந்த சக்கை போதும், டப்பாவின் அடியில் கருத்துப்போன பழைய புளி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சிட்டிகை கல்லுப்பு சேர்த்துத் தேய்க்கத் தேய்க்க, விரலிடுக்கில் கருஞ்சாறு வழியும், உச்சியில் இருக்கும் அன்னத்தின் கழுத்து முதலில் மஞ்சளாக எட்டிப் பார்க்கும்.

இங்கேதான் அவசரம் காட்ட வேண்டும். புளி பூசி வைத்துவிட்டு டிவி பார்க்கப் போனால், திரும்பி வரும்போது விளக்கில் அங்கங்கே செம்பு நிறத்தில் திட்டு விழுந்திருக்கும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் அதிக நேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும், செம்பு மட்டும் சிவந்து நிற்கும். தேய்த்தவுடன் கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட வைக்காமல் பழைய வேட்டித் துணியால் துடைத்துவிட வேண்டும். போர் தண்ணீர் என்றால் இது கட்டாயம், இல்லாவிட்டால் ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் பொட்டாகக் காயும். கடைசியில் காய்ந்த விபூதியைத் தொட்டு மெருகு கொடுப்பது என் அம்மா வழி. சாணத்தின் சாம்பல் அவ்வளவு நைசு, கீறல் போடாது.

சமைக்கிற பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் மட்டும் இந்த வீரத்தைக் காட்ட வேண்டாம். அங்கே ஈயம் பூசியிருக்கும். தேய்த்துத் தேய்த்து ஈயம் போய்விட்டால், புளிக்குழம்பில் செம்பு இறங்கும். தோசைக்கல்லுக்கும் புளி ஆகாது, துருப்பிடிக்கும். அலுமினியப் பாத்திரத்துக்கோ நேர் எதிர்: அதற்குப் புளியும் எலுமிச்சையும் பளபளப்பு தரும், சோடா பட்டால் கருத்துவிடும்.

பூந்திக்கொட்டைதான் எனக்கு இந்தக் கூட்டத்திலேயே பிடித்தது. வடக்கே ரீட்டா என்று சொல்வது இதன் சொந்தக்காரக் கொட்டை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சுருங்கிய பழுப்புத் தோல், உள்ளே கருகருவென்று உருண்டை விதை, குலுக்கினால் கடகடவென்று சத்தம். தோலில்தான் சரக்கு. சபோனின் என்கிற நுரைப்பொருள் அதில் இருக்கிறது. தங்கநகை ஆசாரிகள் இன்றும் நகையை இதில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். பட்டுப்புடவைக்கும் இதுதான் பத்திரம்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சௌகரியம் உண்டு. சோப்பைப் போல இது கால்சியத்தோடு ஒட்டிப் படலமாகாது. பத்துப் பன்னிரண்டு கொட்டையைத் தட்டி விதையை எடுத்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊறவையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து வடிகட்டினால் இளம் பழுப்பில் ஒரு கரைசல் வரும். பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினால் பீர் மாதிரி நுரைக்கும். அரை டம்ளரை ஒரு பக்கெட் தண்ணீரில் கலந்து தரை துடைக்கலாம், வாஷ்பேசின் கழுவலாம், கண்ணாடி டம்ளர், சில்வர் தட்டு தேய்க்கலாம். வெளியே வைத்தால் மூன்று நாளில் புளித்து நாறும். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும், மேலே பெயர் எழுதி ஒட்டுங்கள். இஞ்சி டீ என்று நினைத்து யாராவது சுடவைத்துக் குடித்துவிடப் போகிறார்கள். கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கறிக்குழம்பு வைத்த சட்டி, அப்பளம் பொரித்த வாணலி இதற்கெல்லாம் பூந்திக்கொட்டை போதாது. வெள்ளைச் சட்டையில் மெல்லிய பழுப்பு ஏற்றிவிடும். இன்னொன்று, இயற்கையென்றால் யாருக்கும் தீங்கில்லை என்பவர்களுக்கு: இதே கொட்டையை அரைத்துக் குட்டையில் கலந்து மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும். மண்ணில் விழுந்தால் சீக்கிரம் மக்கிவிடுகிறது என்பதுதான் அதன் நல்ல குணம். அதனால் கழுவிய தண்ணீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போகலாம். மீன் தொட்டிக்கோ தாமரைத் தொட்டிக்கோ போகக் கூடாது.

பிசுக்குக்குக் காரம் என்றேன். அந்தக் காலத்துக் காரம் அடுப்புச் சாம்பல். விறகுச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, எண்ணெயோடு சேர்ந்து கையோடு கையாகக் கொஞ்சம் சோப்பாகவே மாறிவிடும், அதோடு மெல்லிய உரசலும் கிடைக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் இருந்தால் கரிபிடித்த பானையும் வழிக்கு வந்தது. சிலிண்டர் வந்தது, சாம்பல் போனது. இப்போது இணையக் கடையில் அதையே பாக்கெட்டில் அடைத்து விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் பாட்டி எழுந்து வந்து அடிப்பாள். தெருமுனை இஸ்திரி வண்டியில் இன்னும் கரிப்பெட்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். அந்தச் சாம்பலை அண்ணன் சும்மாவே தருவார். சலித்துக்கொள்ள வேண்டும். நிலக்கரிச் சாம்பல் மட்டும் வேண்டாம்.

அது முடியாதவர்களுக்கு வாஷிங் சோடா. ஆப்பசோடாவுக்கு அண்ணன், காரம் பல மடங்கு. எக்ஸாஸ்ட் ஃபேன் இறக்கையில் தேன் மாதிரி வழிந்து உறைந்திருக்கும் பிசுக்கை ஒரு பக்கெட் வெந்நீரும் அரை டம்ளர் வாஷிங் சோடாவும் இளக்கிவிடும். சிமினி வலை அலுமினியமாக இருந்தால் வேண்டாம், மேலே சொன்ன கருப்பு வந்துவிடும். இதுவும் ஆலையில் வருவதுதான். தூத்துக்குடியில் சோடா தயாரிக்கும் ஆலை ஒன்று, தன் கொதிகலன் புகையில் வரும் கார்பன் டை ஆக்சைடையே பிடித்துச் சோடா ஆக்குகிறது என்று 2017 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. புகைபோக்கி வழியாகப் போக வேண்டியது நம் சலவைக்கு வருகிறது. இயற்கை, செயற்கை என்று கோடு கிழிப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு இதைச் சொன்னேன். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: கழுவி ஊற்றிய பிறகு அது எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறது.

எங்கே போகிறது என்று ஓசூர்க்காரர்களைக் கேளுங்கள். கர்நாடகத்திலிருந்து வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் மலைமலையாக நுரைத்து நிற்பது இன்று நேற்றுச் செய்தி இல்லை. 2019 டிசம்பரில் சென்னை மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கடற்கரை முழுக்க வெள்ளை நுரை ஒதுங்கியது. சுத்திகரிக்காத சாக்கடையும் அதில் கலந்த சலவைத்தூளும் மழைவெள்ளத்தோடு கடலில் சேர்ந்ததன் விளைவு. பிள்ளைகள் அதை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினார்கள். பெற்றோர் செல்ஃபி எடுத்தார்கள்.

பயோ என்சைம் பற்றிக் கேட்காத ஆளில்லை. வெல்லம் ஒரு பங்கு, ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் ஊறல். தாய்லாந்திலிருந்து பரவிய முறை. செய்யலாம், தோல் குப்பைக்குப் போகாமல் இருக்கிறதே, அதற்காகவே செய்யலாம். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடாவிட்டால் பாட்டில் வெடிக்கும். ஆனால் அதன் சக்தியில் பெரும்பகுதி புளிப்பிலிருந்து வருகிறது. வீட்டில் செய்த வினிகர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு சரியாக இருக்கும். மார்பிளுக்கு இதுவும் ஆகாது. ஏரியில் ஊற்றினால் ஏரி சுத்தமாகும் என்று சிலர் டிரம் டிரம்மாகக் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள். சாக்கடை விழும் குழாயை அடைக்காமல் என்ன ஊற்றி என்ன?

இனி கழிப்பறை. "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று ஒலிபெருக்கி கட்டி வரும் வண்டி உங்கள் தெருவுக்கும் வரும். 2013லேயே உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கடிவாளம் போட்டது. வாங்குபவரின் அடையாளம் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். நம் தெருவில் பழைய தண்ணீர் பாட்டிலில் நிரப்பித் தருகிறார்கள், குழந்தை எடுத்துக் குடிக்கிற மாதிரி. பாதாளச் சாக்கடை வராத புறநகரில் எல்லாம் செப்டிக் டேங்க்தான். அதற்குள் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாதான் நமக்குச் சம்பளமில்லாத வேலையாள். வாரா வாரம் ஆசிட்டும் பினாயிலும் ஊற்றி அவற்றைக் கொன்றால், டேங்க் சீக்கிரம் நிரம்பி லாரிக்குக் காசு அழ வேண்டும். மஞ்சள் கறைக்கு லெமன் சால்ட்டை ராத்திரி தூவிவிட்டுக் காலையில் பிரஷ் போட்டால் தீர்ந்தது.

அதற்காக பிளீச்சிங் பவுடரை வீட்டைவிட்டே துரத்தச் சொல்ல மாட்டேன். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி வந்தாலோ, மழைவெள்ளம் உள்ளே வந்துவிட்டுப் போனாலோ, கிருமியைக் கொல்ல அதுதான் வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் எலுமிச்சையும் அந்த இடத்தில் நிற்காது. இதில் சமரசம் செய்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. ஆனால் பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை மட்டுமில்லை, வினிகரையோ லெமன் சால்ட்டையோகூடச் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். 1915ல் பெல்ஜியத்துப் போர்க்களத்தில் ஜெர்மானியர் ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத நாலடிக் குளியலறையில் அதைக் கிளப்பிவிட்டு நின்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தேங்காய் நார், பீர்க்கங்கூடு, தென்னந்துடைப்பம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பிளாஸ்டிக் ஸ்கிரப்பர் தேய்ந்து தேய்ந்து துணுக்காகத் தண்ணீரில் போகிறது என்பது போதும் அதை விட. பீர்க்கங்கூட்டை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பயன்படுத்துங்கள், ஈரத்திலேயே கிடந்தால் வாடை அடிக்கும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு விஷயம். இந்த வேலை எல்லாவற்றுக்கும் நேரம் கூடுதலாகப் பிடிக்கும். பூந்திக்கொட்டை ஊற வேண்டும், புளி தேய்பட வேண்டும், சட்டியை வெந்நீரில் ஊறப்போட வேண்டும். "எங்க வீட்டுல கெமிக்கலே கிடையாது" என்று சொல்லும் பல வீடுகளில், தேய்க்கிற கை சொல்கிறவருடையது இல்லை. வேலைக்கு வரும் அக்காவுக்கு நான்கு வீடு. ஒரு வீட்டில் ஸ்பூன் கணக்கில் சோப்பு ஜெல் போட்டு இருபது நிமிடத்தில் முடிவது, இங்கே நாற்பது நிமிடம் என்றால் அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? விரலில் வெடிப்பு இருந்தால் புளியும் லெமன் சால்ட்டும் சுள்ளென்று எரியும், அது இயற்கை என்பதால் எரிச்சல் குறையாது. அதனால் மாற்றுவதற்கு முன்னால் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் யாரோ, அவரைக் கேளுங்கள். அம்மாவாக இருந்தாலும் சரி, அக்காவாக இருந்தாலும் சரி. பிசுக்குச் சட்டியை அவர் வருமுன்பே நீங்கள் ஊறப்போட்டு வையுங்கள், கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள், ஒரு ஜோடி நல்ல ரப்பர் கையுறை வாங்கிச் சிங்க் பக்கத்தில் மாட்டுங்கள்.